தாலினா, ரீகாவா? பழைய நகரம் பார்க்கப் போகிறவர்களுக்கு

கடந்த செப்டம்பரில் அம்மாவும் நானும் பால்டிக் கடலோரத்தில் ஒரு வாரம் தங்கியிருந்தோம். லாட்வியாவின் ரீகாவில் மூன்று இரவு, எஸ்டோனியாவின் தாலினில் நான்கு இரவு. இரண்டும் பழைய துறைமுக நகரங்கள், இரண்டிலும் பழைய நகரம் என்று தனியாக ஒரு பகுதி இருக்கிறது. கிளம்புவதற்கு முன்பு, இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கும், ஒன்றை விட்டுவிடலாமா என்று பல நாள் யோசித்தேன். திரும்பி வந்ததிலிருந்து நண்பர்கள் அதே கேள்வியை என்னிடம் கேட்கிறார்கள். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் தாலினுக்குப் போங்கள். ரீகா சளைத்த ஊர் என்று இதற்குப் பொருளில்லை.

பொதுவானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டுமே ஹன்சா என்ற இடைக்கால வட ஐரோப்பிய வணிகக் கூட்டமைப்பில் இருந்த நகரங்கள். ஜெர்மானிய வணிகர்கள் உப்பும் துணியும் கொண்டுவந்து, ரஷ்யப் பக்கத்திலிருந்து வந்த மெழுகையும் மென்மயிர்த் தோலையும் வாங்கிப் போனார்கள். இரண்டும் 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. இரண்டிலும் யூரோ செல்லும், ஷெங்கன் விசா போதும், நடுவே பஸ்ஸில் நாலரை மணி நேரப் பயணம். செலவில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. பொது இடத்தில் முதல் கிறிஸ்துமஸ் மரம் நட்டது நாங்கள்தான் என்று தாலின் 1441ஐச் சொல்கிறது, ரீகா 1510ஐச் சொல்கிறது. நான் போனது குளிர்காலத்தில் அல்ல. ஆகவே பனி பெய்யும்போது எந்த ஊர் அழகு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

என்னைத் தாலின் பக்கம் சாய்த்தது கல்லின் வயது. நாம் நின்று பார்க்கும் கட்டடம் அன்று கட்டியதா, இடிந்தபின் அதே அச்சில் மறுபடி கட்டியதா என்பது எனக்கு முக்கியமாகப் பட்டது.

இதற்கு இரண்டு ஊரிலும் ஒரே பெயரில் இருக்கும் வீட்டைப் பார்த்தாலே போதும். மணமாகாத இளம் வணிகர்கள் சேர்ந்து வைத்திருந்த ஒரு சங்கத்துக்குக் கருந்தலையர் சகோதரத்துவம் என்று பெயர். அவர்களுடைய காவல் புனிதர் கறுப்பினத்தவரான மொரீஷியஸ். ரீகாவில் கருந்தலையர் இல்லம்தான் பழைய நகரத்தின் முகம். நகர மன்றச் சதுக்கத்தில் சிவப்புச் செங்கல்லும் வெள்ளைச் சிற்பமும் பொன் பூச்சுமாக நிற்கிறது, முகப்பில் வானியல் கடிகாரமும் உண்டு. பார்த்தவுடன் அம்மா கையைக் கூப்பிவிட்டார். ஆனால் அந்த வீடு 1941 ஜூன் இறுதியில் போரில் எரிந்தது. மிஞ்சிய சுவர்களை 1948இல் சோவியத் ஆட்சி வெடிவைத்துத் தகர்த்தது. இன்று நாம் பார்ப்பது 1995க்கும் 1999க்கும் இடையில் கட்டியது. இடைக்காலத்துக் கல்லைப் பார்க்க வேண்டுமானால் நிலவறைக்கு இறங்க வேண்டும். இறங்கினோம். மேலே இருந்த பளபளப்பை விட அந்த இருட்டறைச் செங்கல் வளைவுகள்தான் என்னைப் பிடித்து நிறுத்தின. ‘நான் இடிந்து விழுந்தால் என் சுவர்களை மீண்டும் எழுப்புங்கள்’ என்ற பொருளில் பழைய வாசலில் ஒரு வரி இருந்ததாம். ரீகா மக்கள் அதை நிறைவேற்றிக் காட்டினார்கள் என்பதில் எனக்கு மரியாதை உண்டு. அது அவர்களுடைய உறுதிக்குச் சாட்சி. நான் தேடிப் போனது வேறு.

தாலினில் அதே சங்கத்தின் வீடு பிக் தெருவில், மற்ற வீடுகளோடு தோள் உரசி நிற்கிறது. தெரியாமல் போனால் கடந்துவிடுவோம். முகப்பு 1597இல் புதுப்பித்தது. கதவு 1640களைச் சேர்ந்தது. பச்சையும் சிவப்பும் பொன்னுமாக வண்ணம் தீட்டிய மரச் செதுக்கல், மேலே மொரீஷியஸின் தலை. காலை எட்டு மணிக்குத் தெருவில் ஆளே இல்லாதபோது அதன் அருகில் நின்றேன். பூவின் இதழ் ஓரத்தில் உளி இழுத்த கோடு தெரிகிறது. பல முறை வண்ணம் பூசியதில் சில மடிப்புகள் மழுங்கியிருக்கின்றன. நானூறு ஆண்டுகளுக்கு அருகில் வயதுள்ள ஒரு கதவு, கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லாமல், தெருவில் போகிறவர் தொடும் தூரத்தில் இருக்கிறது.

ஒரு கதவை வைத்து ஊரை எடைபோட முடியுமா என்று கேட்கலாம். தாலினில் கதவு மட்டும் மிஞ்சவில்லை, ஊரே மிஞ்சியிருக்கிறது. நகர மதில் ஏறத்தாழ 1.9 கிலோமீட்டர் இன்றும் நிற்கிறது, இருபதுக்கும் மேற்பட்ட கோபுரங்களோடு. மதிலுக்குள்ளே 1404இல் முடிந்த நகர மன்றம். சதுக்கத்தின் எதிர் மூலையில் ஒரு மருந்துக் கடை, 1422ஆம் ஆண்டு ஆவணத்திலேயே குறிப்பிடப்பட்டு, அதே இடத்தில் இன்றும் மருந்து விற்கிறது. அம்மா அங்கே தொண்டைக்கு மாத்திரை வாங்கினார். தெருக்களில் அண்ணாந்து பார்த்தால் வணிகர் வீடுகளின் உச்சியில் ஓர் உத்திரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் கப்பி மாட்டி, உப்பையும் தானியத்தையும் மேல்தளக் கிடங்குக்கு இழுத்திருக்கிறார்கள். கீழே குடும்பமும் வியாபாரமும், மேலே சரக்கு. துறைமுகத்திலிருந்து மூட்டை எந்த வாசல் வழியே வந்து, எந்தத் தெருவில் ஏறி, எந்த வீட்டு மாடியில் போய் உட்கார்ந்தது என்பதை இன்றும் நடந்தே பின்தொடர முடிகிறது. ரீகாவில் அற்புதமான கட்டடங்கள் தனித்தனியாக இருக்கின்றன. தாலினில் அவற்றைக் கோக்கும் நூல் அறுபடவில்லை.

இதற்குக் காரணம் ஒரு ஊரின் பணமும் இன்னொரு ஊரின் பணமின்மையும்தான். பதினாறாம் நூற்றாண்டுப் போர்களுக்குப் பிறகு தாலினின் வணிகம் சுருங்கியது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டக் கையில் காசில்லை, பழையது அப்படியே நின்றது. ரீகாவோ பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரஷ்யப் பேரரசின் பெரிய தொழில் நகரங்களில் ஒன்றாக வளர்ந்தது. 1857இல் தொடங்கி மதிலை இடித்தார்கள். அகழி இருந்த இடம் கால்வாயும் பூங்காவும் ஆனது. அந்தப் பூங்கா மிக அழகானது, ஒரு மாலை முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தோம். ஆனாலும் மதில் போனதால் பழைய நகரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது காலுக்குத் தெரிவதில்லை.

தாலினும் முழுதாகத் தப்பிவிடவில்லை. 1944 மார்ச்சில் சோவியத் விமானங்கள் குண்டு வீசியதில் ஹார்யு தெருவின் ஒரு பக்கம் அழிந்தது, புனித நிக்கோலஸ் தேவாலயம் எரிந்தது. இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் அந்தத் தேவாலயத்துக்குக் கட்டாயம் போங்கள். பெர்ன்ட் நோட்கே வரைந்த சாவு நடன ஓவியத்தின் ஒரு பகுதி, ஏழு மீட்டருக்கும் மேல் நீளமானது, அங்கே இருக்கிறது. முன்கூட்டியே கழற்றிப் பத்திரப்படுத்தியதால் குண்டுவீச்சிலிருந்து பிழைத்தது. போப்பாண்டவர், பேரரசர், பேரரசி, கர்தினால், அரசர் என்று ஒவ்வொருவர் கையையும் ஓர் எலும்புக்கூடு பிடித்து ஆட இழுக்கிறது. அம்மா அதன் முன்னால் அரை மணி நேரம் நின்றார். நான் கூப்பிட்டபோது, “இந்தப் பேரரசியின் முகத்தைப் பார், அவள் மட்டும் இன்னும் நம்பவில்லை” என்றார்.

ரீகா எங்கே மேல் என்பதையும் சொல்ல வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ரீகாதான் வசதி. பழைய நகரம் தட்டையான தரை. பஸ் நிலையம் பக்கத்திலேயே. புனித பேதுரு தேவாலயக் கோபுரத்தில் 72 மீட்டர் உயரம்வரை லிஃப்ட் போகிறது. அங்கிருந்து டௌகாவா ஆறும் மத்தியச் சந்தையின் ஐந்து பெரிய கூடங்களும் தெரியும். செப்பலின் வான்கப்பல் கொட்டகைகளை எடுத்துவந்து கட்டி 1930இல் திறந்த சந்தை அது. கறுப்பு ரொட்டி, காளான், பெர்ரி எல்லாம் அங்கே குவிந்து கிடக்கின்றன. சைவமாகச் சாப்பிடுகிற எங்களுக்கு இரண்டு நாள் வயிறு நிரப்பியது அந்தச் சந்தைதான். ஆல்பர்ட்டா தெருவின் முகப்புகளில் மனித முகங்களும் சிங்கங்களும் நெருக்கியடித்துக்கொண்டு பார்க்கின்றன. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துக் கட்டடக் கலை பிடிக்கும் என்றால் என் பேச்சைக் கேட்காமல் ரீகாவுக்கே போங்கள். ஆனால் அந்தத் தெரு பழைய நகரத்துக்கு வெளியே இருக்கிறது.

தாலினில் கஷ்டம் தரையில்தான். உருண்டைக் கல் பாவிய தெருக்கள், நடுவே மேல் நகரமான தோம்பேயாவுக்கு ஏற்றம். முதல் நாளே எங்கள் பெட்டியின் சக்கரம் ஒன்று கழன்று உருண்டது. ஏறுவதற்கு இரண்டு வழி: குட்டைக் கால் என்ற படிக்கட்டுச் சந்து, நெட்டைக் கால் என்ற சரிவுத் தெரு. அம்மாவை நெட்டைக் கால் வழியே, நான்கு இடத்தில் நின்று நின்று கூட்டிப் போனேன். ஓலேவிஸ்தே தேவாலயக் கோபுரத்தில் குறுகலான கல் சுழற்படி, நான் மட்டும் ஏறினேன். உல்லாசக் கப்பல் வரும் நாளில் காலை பத்து முதல் பிற்பகல் வரை நகர மன்றச் சதுக்கத்தில் கால் வைக்க இடமிருக்காது. மாலையில் கப்பல் கிளம்பியதும் ஊர் காலியாகிவிடும். பகலில் வந்து பகலிலேயே திரும்புகிற திட்டத்தை நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். தாலினில் ஓர் இரவாவது மதிலுக்குள்ளேயே தங்க வேண்டும்.

இரண்டுக்கும் நேரம் இருந்தால் நாங்கள் போன வரிசையிலேயே போங்கள்: ரீகா முதலில், தாலின் பிறகு. பெட்டியை மட்டும் தோளில் மாட்டுகிற பையாக மாற்றிக்கொள்ளுங்கள். சேர்ந்த அன்று மாலை ஆறு மணிக்கு மேல் விரு வாசலில் தொடங்கி, மதிலை ஒட்டிப் போகும் முயுரிவஹே தெருவில் நடந்து, புனித கத்தரீனா சந்துக்குள் திரும்புங்கள். அங்கே பழைய கல்லறைப் பலகைகளைச் சுவரில் நிறுத்திப் பதித்திருக்கிறார்கள். விளக்கு ஏற்றும் நேரத்தில் பார்த்தால் அவற்றில் வெட்டிய எழுத்துகளின் பள்ளத்தில் நிழல் விழுந்து, ஒவ்வொரு எழுத்தும் தனியாகத் தெரியும்.