ஹட்டன் பக்கம் வேனை சேர்விஸுக்கு விடுகிறவர்கள் கவனத்துக்கு

பில் எழுதுவதில் நான் வேனை விட்ட கராஜை அடித்துக்கொள்ள ஆளில்லை. எஞ்சின் ஒயில், ஒயில் ஃபில்டர், பிரேக் ஒயில், நான்கு சக்கரமும் கழற்றிப் பிரேக் சுத்தம், கூலி என்று வரி வரியாக முத்துப்போன்ற கையெழுத்தில் 28,500 ரூபாய். இதில் உண்மையாகவே நடந்த வேலை வண்டியைக் கழுவியது மட்டும்தான். பில்லில் அதற்கு வரி இல்லை!

கராஜ் ஹட்டன் நகருக்குச் சற்று வெளியே இருக்கிறது. நான் கொடுத்த முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை.

என்னுடையது டீசல் வேன். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுகிறேன். சிவனொளிபாதமலைப் பருவத்தில் நல்லதண்ணிக்கு யாத்திரிகர்களைக் கொண்டுபோகிறேன். சேர்விஸ் வேலையை வழக்கமாக நானே செய்துகொள்வேன். கார்த்திகை மழையில் வேனுக்கு அடியில் படுக்க வழியில்லை, மார்கழிப் போயாவுக்குப் பருவம் தொடங்கிவிடும் என்பதால் இம்முறை வெளியே கொடுத்தேன்.

புது ஃபில்டர் பூட்டும்போது அதன் முதுகில் திகதியையும் மீட்டர் கணக்கையும் வெள்ளைப் பெயின்ட் பேனாவால் எழுதிவைப்பேன். ஒயில் இறக்கும் போல்ட்டை இறுக்கியதும், போல்ட்டிலிருந்து ஒயில் தொட்டிவரை குறுக்கே ஒரு கோடு இழுப்பேன். போல்ட் திரும்பினால் கோடு விலகிவிடும். செய்த வேலை, வாங்கிய சாமான், பில், படம் எல்லாவற்றுக்கும் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. வீட்டில் அதைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை.

வண்டி திரும்பி வந்ததும் டோர்ச் லைட்டை அடித்துப் பார்த்தேன். ஃபில்டரில் என் கையெழுத்து அப்படியே இருந்தது. போல்ட்டின் கோடு ஒரு மயிரிழைகூட விலகவில்லை. முன் சக்கரத்துப் பிரேக்கில், பழைய பிரேக் ஒயிலையும் காற்றையும் வெளியே எடுக்கும் நிப்பிளின் ரப்பர் மூடிமேல் தோட்டப் பாதையின் செம்மண் காய்ந்து ஓடுபோல் படிந்திருந்தது. அந்த மூடியைக் கழற்றாமல் பிரேக் ஒயில் மாற்ற யாராலும் முடியாது.

கேட்கப் போனேன். "ஃபில்டரைக் கழுவிப் போட்டுவிட்டோம் தம்பி" என்றார் பாஸ். தகரக் கூடுக்குள் காகிதத்தை அடைத்து மூடிய ஃபில்டர் அது. கழுவிப் போடும் சாமான் அல்ல. "ஒயில் கறுப்பாக இருக்கிறதே?" என்றதற்கு, "டீசல் எஞ்சின் அப்படித்தான்" என்றார். இந்த ஒன்று உண்மைதான், அவர்களுக்கு வசதியான உண்மையும்கூட. டீசல் எஞ்சினில் புது ஒயிலும் சீக்கிரம் கறுத்துவிடும். நிறத்தைக் காட்டி யாரும் வழக்காட முடியாது. கொப்பியையும் படங்களையும் மேசையில் வைத்தபிறகுதான் குரல் இறங்கியது. பாதிப் பணம் தருவதாகச் சொன்னார். நான் வாங்கவில்லை.

ஒயில், ஃபில்டர் விஷயத்தில் போனது பணம். பிரேக் ஒயிலை அப்படி விட முடியாது. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டொட் 3 (DOT 3) என்ற வகைப் பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கவேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 பாகைதான். ஹட்டனிலிருந்து வட்டவளை, கினிகத்தேனை தாண்டிக் கித்துல்கல வரை பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அந்தச் சூடு எட்டாத சூடல்ல. ஒயில் கொதித்து ஆவியானால் பெடல் அடிவரை அமுங்கிவிடும், வண்டி நிற்காது. இதை மாற்றாமலே மாற்றியதாக எழுதிக் கொடுத்தவருக்கு, உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருப்பார்கள் என்று தெரியும். வேனின் பின்கண்ணாடியிலேயே எழுதியிருக்கிறது. வருடாந்தப் புகைப் பரிசோதனையில் தெரிந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். அங்கே பார்ப்பது புகையை மட்டும்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம். வேலை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும், தொலைபேசி 1977. பில் கையில் இருக்கட்டும். "பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறோம்" என்று கேட்கும் இடங்களும் இருக்கின்றன, ஏமாறாதீர்கள்.

வண்டியை விடுவதற்கு முன் ஃபில்டரிலும் போல்ட்டிலும் அடையாளமிட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபில்டரைப் பையில் போட்டுத் தரும்படி முன்கூட்டியே சொல்லிவையுங்கள். "அது குப்பைக்குப் போய்விட்டது" என்று பதில் வந்தால், காசை எண்ணிக் கொடுப்பதற்கு முன் அங்கேயே குனிந்து வண்டியின் அடியைப் பாருங்கள்.