கனெக்டிங் ராடின் நடுப்புள்ளி எந்தத் திசையில் போகும்? சுழல்மையமும் திசைவேகப் படமும்

கிராங்க் பின் (எஞ்சினில் சுழலும் கையான கிராங்கின் நுனியில் உள்ள முளை) எந்தப் பக்கம் நகரும் என்பதில் சிக்கலில்லை: கிராங்குக்குச் செங்குத்தாக. பிஸ்டன் பின் (பிஸ்டனில் உள்ள முளை) சிலிண்டரின் அச்சில் போகும். இரண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடில்தான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். ராடும் சுழல்கிறதே என்று, அதன் நடுப்புள்ளியின் திசைவேகத்தை ராடுக்கே செங்குத்தாக வரைந்துவிடுகிறார்கள். அது கிராங்க் பின்னைச் சார்ந்த திசைவேகம் மட்டும்தான்.

கிராங்க் 150 மி.மீ., ராடு 200 மி.மீ., கிராங்கின் சுழற்சி வினாடிக்கு 10 ரேடியன் என்று வைத்துக்கொள்வோம். கிராங்கும் ராடும் செங்கோணத்தில் நிற்கும் கணம். கிராங்க் பின்னின் வேகம் 1.5 மீ/வி.

முதலில் கணநேரச் சுழல்மையம், அதாவது அந்தக் கணத்தில் ராடு முழுவதும் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்வதாகக் கொள்ளலாமோ அந்தப் புள்ளி. கிராங்க் கோட்டை நீட்டுங்கள். பிஸ்டன் பின்னில் அச்சுக்குச் செங்குத்துக் கோடு போடுங்கள். இரண்டும் வெட்டும் இடமே மையம். கிராங்க் பின்னிலிருந்து 266.7 மி.மீ., பிஸ்டன் பின்னிலிருந்து 333.3 மி.மீ. ராடின் சுழற்சி 5.625 ரேடியன்/வி, பிஸ்டன் 1.875 மீ/வி. கிராங்க் பின்னைவிட பிஸ்டன் வேகமாகப் போகிறது, கவனித்தீர்களா? நடுப்புள்ளியை மையத்தோடு இணைத்து, அந்தக் கோட்டுக்குச் செங்குத்து வரைந்தால் திசை கிடைத்துவிடும்: ராடிலிருந்து சுமார் 20.6 பாகை. ராடுக்குச் செங்குத்தாக வரைந்தவர் கிட்டத்தட்ட 70 பாகை தவறியிருப்பார்.

சார்புத் திசைவேகப் படமும் (புள்ளிகளின் திசைவேகங்களை அளவுப்படி அம்புக்கோடுகளாக வரையும் படம்) இதே விடையைத்தான் தரும். ஆனால் தனியாக ஒரு படம் வரைந்து முடித்த பிறகே திசை தெரியும். திசை மட்டும் போதுமென்றால் என் ஓட்டு சுழல்மையத்துக்கே. இயந்திரத்தின் படத்திலேயே ராடின் எந்தப் புள்ளிக்கும் விடை கிடைக்கிறது. எந்த வழியில் போனாலும் ஒரு சரிபார்ப்பு செய்யுங்கள்: ராடு நீளாது, சுருங்காது, அதனால் இரு முனைகளின் திசைவேகத்துக்கும் ராடின் நெடுக்கே உள்ள கூறு ஒன்றாகவே இருக்க வேண்டும். இங்கே 1.875 × 0.8 = 1.5. சரி.

கிராங்க், சிலிண்டர் அச்சுக்குச் செங்குத்தாக நிற்கும்போது மையத்தைத் தரும் இரண்டு கோடுகளும் இணையாகிவிடும். மையம் முடிவிலிக்குப் போய்விடும். அந்தக் கணத்தில் ராடு சுழலவில்லை, எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே திசைவேகம் என்று பொருள். அதற்குச் சற்று முன்னும் பின்னும் மையம் தாளுக்கு வெளியே போய்விடுவதால் திசைவேகப் படமே வசதி. ஆறு உறுப்புகள் (links) கொண்ட அமைப்பில் 15 மையங்கள் வரும். அங்கேயும் எனக்குப் படம்தான். முடுக்கம் கேட்டால் போட்டியே இல்லை, படம்தான்: சுழல்மையத்தில் திசைவேகம் சுழி, ஆனால் முடுக்கம் பொதுவாகச் சுழி அல்ல. உலோகத்தைச் சீவும் ஷேப்பர் இயந்திரத்தின் குவிக் ரிட்டர்ன் (வெட்டுவதைவிட வேகமாகத் திரும்பும்) அமைப்பில் கோரியாலிஸ் முடுக்கமும் (சுழலும் உறுப்பின்மேல் இன்னொன்று சறுக்கும்போது வரும் கூடுதல் முடுக்கம்) சேரும்; அதைக் கணக்கிடத் தேவையான சறுக்குத் திசைவேகத்தைத் திசைவேகப் படத்திலிருந்தே நேராக அளந்துகொள்ளலாம்.