கியர் லிவரை மாற்றித் தருவதாகச் சொல்லி வெல்டிங் வைத்து அனுப்பினார்கள்: கால் அடிபட்டவர்கள் வீட்டில் இருந்தால் படியுங்கள்

கால் அடிபட்டவர்களுக்கும் வயதானவர்களுக்கும் பைக்கின் கியர், பிரேக்கை வசதியாக மாற்றித் தருவதாகச் சொல்லும் ஒரு பட்டறையில் என் அப்பா ஏமாந்தார். மதுரைக்குள்தான் இருக்கிறது அந்தப் பட்டறை. போன பணத்தை விடுங்கள். மேலூர் ரோட்டில் ஆளே போயிருப்பார், அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 67 வயது. ஒத்தக்கடையில் வீடு, மேலூர் பக்கம் வயல். இடது கணுக்கால் உடைந்து பிளேட் வைத்ததில் இருந்து பாதத்தை மேல்நோக்கி மடக்க வராது. அவருடைய 150 சிசி பைக்கில் முதல் கியர் கீழே, மற்ற நான்கும் மேலே. ஒவ்வொரு கியருக்கும் கால் நுனியை லிவருக்கு அடியில் கொடுத்துத் தூக்க வேண்டும். அதுதான் அவரால் முடியவில்லை.

இதற்கு நல்ல வழி இருக்கிறது. லிவருக்குப் பின்பக்கமும் ஒரு கை நீண்டு, குதிகாலால் மிதிக்கிற மாதிரி இருந்தால் போதும். பின்னால் மிதித்தால் முன்பக்கம் தானாக மேலே எழும், கியர் ஏறும். நம் ஊரில் பல பைக்குகள் கம்பெனியில் இருந்தே அப்படித்தான் வருகின்றன.

பட்டறைக்காரர் அப்பாவின் காலைக்கூடப் பார்க்கவில்லை. "கிட்டு கோயம்புத்தூர்ல இருந்து வரணும்யா, கம்பெனி அயிட்டம். பிரேக்கையும் லைட்டா பண்ணித் தர்றேன்" என்று 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். கிட் எதுவும் வரவில்லை. பழைய லிவரிலேயே ஒரு இரும்புக் கம்பியை வெல்டிங் வைத்து, கறுப்பு பெயின்ட் அடித்துக் கொடுத்துவிட்டார். அதையும் வண்டியில் இருந்து கழற்றாமலே வைத்திருக்கிறார் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அந்தக் கம்பி தாழ்வாக இருந்தது. குதிகாலால் மிதித்தால் கியர் முழுதாக விழும் முன்பே ஃபுட்ரெஸ்ட்டில் இடித்து நின்றுவிடும். பாதி மிதியில் கியர் விழாமல் நடுவில் நிற்கும், ஆக்சிலேட்டர் கொடுத்தால் இன்ஜின் சும்மா அலறும். அப்பா போன் செய்தபோது, "பழகப் பழக சரியாயிரும்யா" என்றாராம். இரும்பில் இடிக்கிற லிவர் எப்படிப் பழகும்?

பிரேக்கில் செய்தது இதைவிடக் கொடுமை. பெடலை லைட்டாக்குவது என்றால் அவருக்குப் பின் சக்கரத்து ராடு நட்டை முறுக்குவது, அவ்வளவுதான். டிரம் பிரேக் வண்டிகளில் பெடல் பெரும்பாலும் 2, 3 செ.மீ. சும்மா இறங்கி, அதன் பிறகுதான் பிடிக்க வேண்டும். அந்த இடைவெளியே இல்லாமல் செய்துவிட்டார். பிரேக் ஷூ டிரம்மை உரசிக்கொண்டே ஓடியது. பின்னால் உள்ள பிரேக் விளக்கும் அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. அப்பா எப்போது பிரேக் பிடிக்கிறார் என்று பின்னால் வரும் லாரிக்காரருக்கு எப்படித் தெரியும்?

சிட்டம்பட்டி டோல்கேட்டுக்கு முன்னால் ஒருநாள் மாலை, லிவர் அது மாட்டியிருக்கும் ஷாஃப்டின் (இன்ஜினுக்குள் போகும் கியர் தண்டின்) மேல் சும்மா சுற்ற ஆரம்பித்துவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. உரசிச் சூடேறியிருந்த பின் சக்கரப் பிரேக்கும் சரியாகப் பிடிக்கவில்லை. கிளட்சைப் பிடித்து, முன் பிரேக்கை வைத்தே ஓரம் கட்டியிருக்கிறார். பக்கத்து டீக்கடையில் இருந்து அவர் பேசியபோது குரலே சரியில்லை.

வேறொரு மெக்கானிக் பிரித்துப் பார்த்துச் சொன்னது இது. லிவர் ஷாஃப்டைக் கவ்வுவது அதில் உள்ள நுண்ணிய பற்களால். வெல்டிங் சூட்டில் லிவரின் வாய் கோணிவிட்டது, போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் இறுகாது. ஆடி ஆடி ஷாஃப்டின் பல்லும் மழுங்கிப் போனது. அந்தச் சூட்டிலேயே ஆயில் வெளியே வராமல் தடுக்கும் சீலும் கருகிக் கசிவு. லிவர் மட்டும் போயிருந்தால் சில நூறு ரூபாய். ஷாஃப்டை மாற்ற கிளட்ச் பக்கத்துக் கவரைக் கழற்ற வேண்டியதாயிற்று.

பட்டறைக்காரரிடம் போனால், "வயசானவரு, குதிகாலால ஓங்கி மிதிச்சிருப்பாரு" என்றார். குதிகாலால் மிதிப்பதற்காகத்தானே காசு வாங்கினீர்கள் என்று கேட்டேன், பதில் இல்லை. பில்லும் தரவில்லை. ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் என்னிடம் இருக்கின்றன. அவற்றை வைத்து மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன், அதனால் பட்டறைப் பெயரை இங்கே எழுதவில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கும் பேசலாம்.

காலை மடக்குவதில் லேசான சிரமம் மட்டும் உள்ளவர்களுக்கு வெல்டிங்கே வேண்டாம். போல்ட்டைக் கழற்றி, லிவரை ஒரு பல் மேலேயோ கீழேயோ தள்ளி மாட்டினாலே பலருக்குப் போதும். குதிகால் லிவர்தான் வேண்டும் என்றால், உங்கள் வண்டிக்குப் பொருந்துகிற முழு லிவராகக் கேட்டு வாங்குங்கள். பழைய லிவரைக் கையோடு திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியை எடுக்கும் முன் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். ஓட்டப் போகிறவரையே உட்கார வைத்து எல்லா கியரையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அதுவும் அவர் வழக்கமாகப் போடும் செருப்போடு.

பக்கச் சக்கரம் வைப்பது, கால் பிரேக்கைக் கைக்குக் கொண்டுவருவது போன்ற பெரிய மாற்றம் என்றால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வருகிறது. ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதிய வேண்டும். "அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க" என்று சொல்கிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கண்டிப்பாகக் கேட்பார்.

அப்பாவின் வண்டியில் இப்போது முழு லிவர் மாட்டியாகிவிட்டது. குதிகால் பட்டை ஃபுட்ரெஸ்ட்டை விட நன்றாக உயரத்தில் இருக்கிறது, எந்தக் கியரிலும் இடிக்கவில்லை. அந்தப் பட்டறையில் இதே வேலையைச் செய்துகொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், வண்டியை ஓட்டாமல் முதலில் லிவர் போல்ட்டையும் பிரேக் பெடலையும் வேறு மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.