எஸ்யூவிக்குக் குளிர்கால டயர்கள்: நான்கு பருவங்கள், 26,000 கிலோமீட்டர்

நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் எஸ்யூவி ஒன்றை வாங்கியபோது, பனிக்காலத்திற்கு இனித் தனி டயர் எதற்கு என்ற எண்ணம்தான் எனக்கு இருந்தது. வண்டியுடன் வந்த ஆல் சீசன் (எல்லாப் பருவங்களுக்குமான) டயர்களின் பக்கச்சுவரில் எம் பிளஸ் எஸ் என்று பொறிக்கப்பட்டிருந்ததால், சேற்றுக்கும் பனிக்கும் அதுவே போதும் என்று முதல் குளிர்காலம் முழுவதும் அவற்றிலேயே ஓட்டினேன். அந்தப் பருவத்தின் கடைசி வாரங்களில் ஒரு நாள் காலையில் நடந்ததுதான் என் எண்ணத்தை மாற்றியது. 2021 இலையுதிர்காலத்தில் வாங்கிய குளிர்கால டயர்கள் இப்போது நான்கு பருவங்களை முடித்து, ஏறத்தாழ 26,000 கிலோமீட்டர் ஓடியிருக்கின்றன. தேர்வு செய்தபோது எதைப் பார்த்தேன், எதைப் பார்க்கத் தவறினேன், பயன்பாட்டில் என்ன தெரிந்தது என்பதை எழுதுகிறேன்.

அன்று காலை ஒரு மேட்டுச் சாலையில் வண்டி எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் ஏறியது. முன்னால் சென்ற சிறிய கார் ஒன்று சக்கரம் வெறுமனே சுழன்று திணறிக்கொண்டிருக்க, நான் எளிதாகக் கடந்து மேலே போனேன். மறுபக்கச் சரிவில் இறங்கும்போது வேகம் 30 கிலோமீட்டர்தான் இருக்கும். கீழே சந்திப்பு தெரிந்ததும் பிரேக்கை மிதித்தேன். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இயங்கிக் கால் பெடல் படபடவென்று உதைத்தது, ஆனால் வண்டியின் வேகம் குறையவில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டி நேராகவே சென்று, நிறுத்தக் கோட்டைத் தாண்டி, சாலையோரம் குவித்து வைத்திருந்த பனியில் மூக்கை நுழைத்து நின்றது. குறுக்குச் சாலையில் அந்த நேரத்தில் வேறு வண்டி வராததால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனாலும் அந்தச் சில வினாடிகளை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

பிறகு அமைதியாக யோசித்தபோது காரணம் எளிமையாகத்தான் இருந்தது. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்வது வண்டி புறப்படவும் மேடேறவும் உதவும். ஆனால் பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களிலும்தான் இருக்கிறது. நிறுத்துவதிலும் திருப்புவதிலும் எஸ்யூவிக்கு எந்தக் கூடுதல் சலுகையும் கிடையாது. உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் குணகம், அதாவது டயருக்கும் தரைக்கும் இடையிலான பிடிப்பின் அளவு, 0.8 என்று கொண்டால், 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்பதற்கு நாலரை மீட்டர் போதும். பனிக்கட்டியில் அது 0.1 ஆகக் குறைந்தால் அதே வேகத்திற்கு 35 மீட்டர் வேண்டும். டயரின் பிடிப்பு அதை 0.15 ஆக உயர்த்தினால்கூட 24 மீட்டருக்குள் நின்றுவிடலாம். அந்தப் பதினொரு மீட்டருக்குள் ஒரு பாதசாரிக் கடப்பே அடங்கிவிடும். எளிதாகப் புறப்பட முடிகிறது என்பதாலேயே ஓட்டுநர் சாலையைக் குறைவாக மதிப்பிட்டு விடுகிறார் என்பதுதான் இவ்வகை வண்டிகளில் நான் கண்ட உண்மையான ஆபத்து.

டயர் வாங்குவதற்கு முன் ரப்பரைப் பற்றிச் சற்றுப் படித்தேன். கோடைக்கால டயரின் ரப்பர் வெப்பநிலை 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகப் போக இறுகிப் பிடிப்பை இழக்கத் தொடங்குகிறது என்பது டயர்த் தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. குளிர்கால டயரில் சிலிக்காவும் இயற்கை ரப்பரும் கூடுதலாகச் சேர்க்கப்படுவதால் குளிரிலும் அது நெகிழ்ந்தே இருக்கும். உறைநிலைக்குக் கீழே இருந்த ஒரு காலையில் பழைய டயரின் மீது கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தேன். தடம் பதியவே இல்லை. புதிய குளிர்கால டயரில் அதே அழுத்தத்திற்கு நகத்தின் வளைவு தெளிவாகப் பதிந்து, மெல்ல மறைந்தது. இது அளவைச் சோதனை அல்ல, ஆனால் கைக்குத் தெரிந்த அந்த வேறுபாடு எனக்கு எல்லா விளக்கங்களையும்விட நன்றாகப் புரிந்தது.

இரண்டாவது விஷயம், டிரெட் எனப்படும், தரையைத் தொடும் பரப்பின் கட்டைகளில் வெட்டப்பட்டிருக்கும் மெல்லிய பிளவுகள். சக்கரம் உருளும்போது இவை விரிந்து, அவற்றின் விளிம்புகள் ஒவ்வொன்றும் பனியைக் கவ்வுகின்றன. பனியில் சிறிது தூரம் ஓட்டிவிட்டுக் குனிந்து பார்த்தால், சீப்பின் பற்களுக்கு இடையில் அடைத்ததுபோல ஒவ்வொரு பிளவிலும் வெண்பனி வரிவரியாக நிற்கும். அதைத் துடைத்தெடுக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. உண்மையில் பனி பனியோடு நன்றாக ஒட்டும், அதனால் டயரில் தங்கிய பனியே தரையிலுள்ள பனியைப் பற்றிக்கொள்கிறது. சேற்றில் ஓட்டும்போது டிரெட் அடைபட்டால் பிடிப்பு போய்விடும். இங்கே அதற்கு நேர்மாறு.

தேர்வில்தான் அதிக நேரம் செலவழித்தேன், அது வீண்போகவில்லை. குளிர்கால டயர் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு வகைகள் இருக்கின்றன. ஒன்று, உலோக ஆணி பதித்தது. வழவழப்பான பனிக்கட்டியில் இதுவே வலிமையானது, ஆனால் வெறும் தார்ச்சாலையில் இரைச்சல் மிகுதி, பல இடங்களில் சட்டமும் அதை அனுமதிப்பதில்லை. இரண்டாவது, ஆணியில்லாத, மிக மென்மையான ரப்பர் கொண்ட வடதுருவப் பக்கத்து வகை. இது கடுங்குளிருக்கும் நாள்கணக்கில் பனி மூடிக்கிடக்கும் சாலைகளுக்கும் ஏற்றது. மூன்றாவது, அடிக்கடி பனி அகற்றி உப்புத் தூவப்படும் சாலைகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. ரப்பர் சற்று உறுதியாக இருக்கும், குளிர்ந்த ஈரச் சாலையிலும் நெடுஞ்சாலை வேகத்திலும் நிதானமாக நிற்கும்.

எனக்கு முதலில் மனம் போனது இரண்டாவது வகை மீதுதான். சரிவில் சறுக்கியவனுக்குப் பனிக்கட்டியைத் தவிர வேறென்ன நினைவிருக்கும்? ஆனால் ஒரு பருவம் முழுவதும் எந்தெந்தச் சாலையில் எவ்வளவு ஓட்டினேன் என்று நேர்மையாகக் கணக்கிட்டுப் பார்த்தபோது, என் பயணத்தில் பெரும்பகுதி ஈரமான, உப்புக் கலந்த, உறைநிலையை ஒட்டிய நெடுஞ்சாலையாகவே இருந்தது. ஆகவே மூன்றாவது வகையையே வாங்கினேன். இதற்கு நான் கொடுத்த விலையும் உண்டு. உருகி மீண்டும் உறைந்த பளபளப்பான பனிக்கட்டியில் இந்த டயர்கள் எனக்கு முழு நம்பிக்கையைத் தந்ததில்லை. குறிப்பாக வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்போது கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் உருவாகிவிடுவதால், கடுங்குளிர் நாளைவிட அப்போதுதான் வழுக்கல் அதிகம். அத்தகைய நாள்களில் நான் நடைவேகத்தில்தான் ஓட்டுகிறேன்.

பக்கச்சுவரில் இருக்கும் குறியீடுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எம் பிளஸ் எஸ் என்ற எழுத்துகளுக்குப் பின்னால் கட்டாயச் செயல்திறன் சோதனை எதுவும் இல்லை. டிரெட் வடிவத்தைக் கொண்டு உற்பத்தியாளரே பொறித்துக்கொள்வது அது. மூன்று சிகரங்கள் கொண்ட மலைக்குள் பனித்துகள் வரையப்பட்ட குறி, பனியில் இழுவைத்திறன் அளக்கப்பட்டுத் தேறிய டயருக்கே கிடைக்கும். ஆனால் அந்தச் சோதனையும் இறுகிய பனியில் நடப்பதுதான், பனிக்கட்டியில் அல்ல. ஐரோப்பாவில் 2021 மே மாதம் முதல் நடைமுறைக்கு வந்த டயர் லேபிளில் பனிக்கும் பனிக்கட்டிக்கும் தனித்தனிக் குறிகள் வைத்திருப்பதற்குக் காரணம் இந்த வேறுபாடுதான்.

அளவைப் பொறுத்தவரை, வண்டியுடன் வந்தது 235/55 ஆர்19, அதாவது அகலம் 235 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 19 அங்குலம். குளிர்காலத்திற்கு 17 அங்குல ரிம் ஒரு செட் தனியாக வாங்கி 235/65 ஆர்17 டயர்களைப் பொருத்தினேன். மொத்த விட்டத்தில் வேறுபாடு நான்கு மில்லிமீட்டருக்குள் என்பதால் வேகமானியில் மாற்றம் தெரியவில்லை. சிறிய ரிம், சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் பிடிப்பானான காலிப்பரில் இடிக்காமல் இருக்க வேண்டும், அதை வண்டியின் கையேட்டில் அனுமதிக்கப்பட்ட அளவுகளைப் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும். உயரமான பக்கச்சுவர், பனிக்கு அடியில் மறைந்திருக்கும் குழிகளில் ரிம்மைக் காப்பாற்றியதை இரண்டு முறை நேரில் கண்டேன். சுமைக் குறியீட்டைப் பலர் கவனிப்பதில்லை. என்னுடையது 108, அதாவது டயர் ஒன்றுக்கு 1,000 கிலோ. எஸ்யூவியின் எடையோடு ஆட்களும் சாமான்களும் சேரும்போது இதில் சமரசம் செய்யக்கூடாது. இரண்டு டயர் மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள். முன்பக்கம் மட்டும் பிடித்து நின்றால், பிரேக் போடும்போது பின்பக்கம் சுழன்று வண்டியைத் திருப்பிவிடும்.

முதல் முறை பொருத்தியபோது ஒரு தவறு நடந்தது. என் டயர்கள் வி வடிவ டிரெட் கொண்டவை, எந்தப் பக்கம் சுழல வேண்டும் என்று பக்கச்சுவரில் அம்புக்குறி உண்டு. பணிமனையில் ஒரு டயரை மட்டும் ரிம்மில் திருப்பி மாட்டிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து வண்டியைக் கழுவும்போதுதான், வலதுபுற இரண்டு சக்கரங்களிலும் வரிகள் எதிரெதிராக இருப்பதைக் கண்டேன். நடுவிலிருந்து நீரை வெளியே தள்ள வேண்டிய பள்ளங்கள், அந்தச் சக்கரத்தில் நீரை உள்நோக்கி இழுத்துக்கொண்டிருந்தன. திரும்ப எடுத்துச் சென்றதும் கழற்றி மாட்டிப் பேலன்சிங்கும் செய்து கொடுத்தார்கள். அன்றிலிருந்து, பணிமனையை விட்டுக் கிளம்புமுன் நான்கு அம்புக்குறிகளையும் வண்டியைச் சுற்றி நடந்து பார்த்த பிறகே சாவியைத் திருகுகிறேன்.

காற்றழுத்தம் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் டயரில் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) குறையும். 18 டிகிரி இருக்கும் கதகதப்பான கூடத்திற்குள் சரியாகக் காற்றடித்துவிட்டு, வெளியே உறைநிலைக்கு ஏழு டிகிரி கீழே நிறுத்தினால் மறுநாள் காலை நான்கு பிஎஸ்ஐ காணாமல் போயிருக்கும். முதல் பருவத்தில் எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் பஞ்சர் என்று நினைத்து நான்கு டயரையும் தடவிப் பார்த்தேன். இப்போது இரண்டு வாரத்திற்கு ஒருமுறை, வண்டி இரவு முழுவதும் வெளியே நின்ற பிறகு, காலையில் ஓட்டுவதற்கு முன்பே அளக்கிறேன்.

பழைய சரிவில் இந்த டயர்களோடு நூறு முறையாவது இறங்கியிருப்பேன். ஏபிஎஸ் எப்போதாவதுதான் தலைகாட்டுகிறது, வண்டி கோட்டுக்கு முன்பே நின்றுவிடுகிறது. எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிந்தது ஸ்டீயரிங்கில் வந்த மாற்றம். பாதி உருகிய கூழ்ப்பனியில் தடம் மாறும்போது முன்பு வண்டி ஒரு நொடி மிதப்பதுபோல இருக்கும். இப்போது முன்சக்கரம் கூழை வெட்டி ஒதுக்கித் தரையைத் தொடுவது கைக்குத் தெரிகிறது. இரைச்சல் நெடுஞ்சாலையில் சற்றுக் கூடுதல்தான், ஆனால் உரத்துப் பேச வேண்டிய அளவுக்கு இல்லை.

குறை என்று சொன்னால் வெப்பமான நாள்கள்தான். 15 டிகிரிக்கு மேல் போனால் ஸ்டீயரிங் திருப்பத்திற்கு வண்டி தாமதமாகப் பதில் சொல்கிறது, டிரெட் கட்டைகள் அடியில் நெளிவதை உணர முடிகிறது. மூன்றாவது பருவத்தின் முடிவில் வேலை மிகுதியால் டயர் மாற்றுவதை ஏழெட்டு வாரம் தள்ளிப்போட்டேன். அந்த வாரங்களில் மட்டும் முக்கால் மில்லிமீட்டர் தேய்ந்துபோனது, ஒரு முழுக் குளிர்காலத்தின் தேய்மானத்துக்கு ஏறக்குறைய ஈடாக. காலண்டரைப் பார்க்காமல் காலை வெப்பநிலையைப் பார்த்து, அது தொடர்ந்து 7 டிகிரிக்கு மேல் நிற்கத் தொடங்கியதும் கழற்றிவிடுவது நல்லது.

தனி ரிம் இருப்பதால் மாற்றும் வேலையை நானே செய்கிறேன். உப்புநீரில் ஓடிய ரிம், அது பொருந்தும் அச்சு முனையான ஹப்போடு துருவால் ஒட்டிக்கொள்ளும் என்பதால், மாட்டுமுன் ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிடுவேன். நட்டுகளை, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சரிபார்ப்பேன். கழற்றியவற்றில் எந்தச் சக்கரம் எங்கிருந்தது என்று சாக்பீஸால் எழுதி, கழுவி உலர்த்தி, வெயில் படாத இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைக்கிறேன். அடுத்த பருவத்தில் ஒரே பக்கத்திற்குள் முன்னும் பின்னும் இடம் மாற்றுவதால் தேய்மானம் ஓரளவு சமமாகவே இருக்கிறது.

புதிதாக இருந்தபோது 8.5 மில்லிமீட்டராக இருந்த டிரெட் ஆழம் இப்போது முன்னால் 5.1, பின்னால் 5.6. சட்டப்படி பல இடங்களில் 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம் என்றாலும், 4 மில்லிமீட்டருக்குக் கீழே போன குளிர்கால டயர் பனியில் தன் வேலையைச் செய்வதில்லை. பக்கச்சுவரில் உள்ள 2921 என்ற நான்கு இலக்கம், இவை 2021ஆம் ஆண்டின் 29ஆவது வாரத்தில் செய்யப்பட்டவை என்று காட்டுகிறது. நகத்தடமும் முன்போல ஆழமாகப் பதிவதில்லை. ஆகவே வரும் குளிர்காலம் இவற்றுக்குக் கடைசி. அதன்பின் இதே அளவில், இதே வகையில், பனிக்கட்டிக் குறியும் உள்ள ஒரு செட் கிடைக்கிறதா என்று தேடுவேன். கிடைக்காவிட்டால் ஈரச் சாலைப் பிடிப்பையே முன்வைத்து வாங்குவேன்.