வயர்ஷார்க்குக்கு சூடோவா, குரூப்பா, செட்கேப்பா? வைஃபைக்கு பால்கிட்டா?

புதுச்சேரி லாஸ்பேட்டை பக்கம் காலேஜ் பசங்க லேப்டாப்ல உபுன்டு லினக்ஸ் போட்டு, நெட்வொர்க்ல போற பாக்கெட்ட (டேட்டா துண்டுகள) பிடிச்சுக் காட்டற வயர்ஷார்க்க தொறந்த உடனே வர பிரச்சனை ஒன்னுதான், புரோகிராம் தொறக்குது ஆனா இன்டர்ஃபேஸ் (வைஃபை, கேபிள் மாதிரி நெட் வழி) லிஸ்ட்ல ஒன்னுமே இல்ல, இல்லன்னா பர்மிஷன் இல்லன்னு சொல்லுது. பக்கத்துல இருக்கற ஃப்ரெண்டு உடனே "சூடோ போட்டு தொறடா"ம்பான். தொறந்துடும், உண்மைதான். ஆனா இருக்கற வழிகள்லயே மோசமானது அதுதான், பழக்கமாயிடுச்சுன்னா அப்புறம் விட மாட்டாங்க, அதனாலதான் எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துடலாம்னு எழுதறேன்.

சூடோங்கறது ஒரு புரோகிராம ரூட்டா, அதாவது மெஷினோட முழு அதிகாரத்தோட, ஓட்டற வழி. அதைப் போட்டா முழு வயர்ஷார்க்கும் ரூட்டா ஓடும். அது ஏகப்பட்ட ப்ரோட்டோகாலப் பிரிச்சுக் காட்டற பெரிய புரோகிராம், நெட்வொர்க்ல எவனோ அனுப்பற பாக்கெட்டையெல்லாம் வாங்கிப் படிக்குது, அந்தப் பிரிக்கிற கோட்ல அப்பப்ப ஓட்டை கண்டுபிடிச்சு அப்டேட் விடறாங்க. அந்த மாதிரி ஓட்டை வழியா ஒரு கெட்ட பாக்கெட் உள்ள வந்தா, அது ரூட் பவரோட வந்த மாதிரி. இதுக்காகத்தான் வயர்ஷார்க்க எழுதறவங்க பாக்கெட் பிடிக்கற வேலைய மட்டும் டம்ப்கேப்னு ஒரு சின்ன புரோகிராமா தனியா பிரிச்சு வெச்சிருக்காங்க. இன்னொரு தொல்லை, சூடோல சேவ் பண்ண ஃபைல் ரூட் பேர்ல நிக்கும், மறுநாள் அசைன்மென்ட்டுக்கு அதைத் திருத்தப் போனா விடாது.

குரூப் வழிதான் எனக்குப் பிடிச்சது. டெபியன், உபுன்டு ரெண்டுலயும் வயர்ஷார்க்-காமன் பேக்கேஜ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் (பேக்கேஜோட செட்டிங்க மறுபடி கேக்க வைக்கற கமாண்ட்) பண்ணா, ரூட் இல்லாதவங்களும் பாக்கெட் பிடிக்கலாமான்னு ஒரு கேள்வி கேக்கும், முன்னாடியே "இல்ல"ன்னுதான் வெச்சிருக்கும், நீங்க "ஆமா" குடுக்கணும். அப்ப வயர்ஷார்க்னு ஒரு குரூப் உருவாகி டம்ப்கேப்புக்கு மட்டும் நெட்-ரா, நெட்-அட்மின்னு ரெண்டு கேபபிலிட்டி (ரூட் பவர்ல ஒரு சின்ன பங்கு) கிடைக்கும், அந்த குரூப்ல இருக்கறவங்கதான் அதை ஓட்ட முடியும். அப்புறம் யூசர்மாட் கமாண்ட் வெச்சு அந்த குரூப்ல உங்க பேர சேக்கணும். இங்க கவனம்ங்க, பெரிய ஜி-யோட சின்ன ஏ-வும் சேத்து (-aG) போடணும், அந்த ஏ இல்லாம அடிச்சா மத்த குரூப்ல இருந்தெல்லாம் உங்கள எடுத்துடும், சூடோ குரூப்பும் போயிடும், அப்புறம் ரெகவரி மோடுதான்.

சேத்த பிறகும் வேலை செய்யலன்னு நிறைய பேர் இங்கதான் நின்னுடறாங்க. டெர்மினல்ல ஐடி-ன்னு மட்டும் அடிங்க, அப்புறம் ஐடி போட்டு உங்க யூசர் பேரையும் சேத்து அடிங்க. ரெண்டாவதுல வயர்ஷார்க் இருந்து மொதல்ல இல்லன்னா, குரூப்ல சேந்தாச்சு, ஆனா இப்ப ஓடற செஷனுக்கு அது தெரியல. லாகவுட் பண்ணி உள்ள வாங்க, சில டெஸ்க்டாப்ல அதுவும் பத்தாது, ஏன்னா பின்னாடி சிஸ்டம்டி-யோட (சர்வீஸையெல்லாம் ஓட்டற புரோகிராம்) யூசர் சர்வீஸ் பழைய குரூப்போடயே உசுரோட இருக்கும், அப்ப ரீபூட்டே நல்லது.

செட்கேப்ங்கறது ஒரு புரோகிராம் ஃபைலுக்கு கேபபிலிட்டி குடுக்கற கமாண்ட். அதைக் கையால போடறது ஐஎஃப்டாப் (நெட் எவ்வளவு போகுதுன்னு காட்டற டூல்) மாதிரி, இந்தக் கேள்வியே கேக்காத டூலுக்கு உதவும். ஆனா அந்த ஃபைல்ல கேபபிலிட்டி போட்டுட்டா, அந்த மெஷின்ல அதை ஓட்ட முடிஞ்ச எல்லாருக்கும் அந்த பவர் வந்துடும். பேக்கேஜ் அப்டேட் ஆச்சுன்னா புது ஃபைல் வரும், கேபபிலிட்டி போயிடும், கெட்கேப் போட்டுப் பாத்தா காலியா இருக்கும். பைத்தான்ல எழுதின ஸ்கிரிப்ட்டுக்குன்னு பைத்தான் பைனரிக்கே செட்கேப் போடறத தயவுசெஞ்சு பண்ணாதீங்க, அப்புறம் அந்த மெஷின்ல எல்லா பைத்தான் ஸ்கிரிப்ட்டுக்கும் அந்த பவர்தான்.

பால்கிட் இதுங்களோட போட்டி கிடையாது, ஆனா எல்லாரும் குழப்பிக்கறாங்க. அது பாக்கெட் பிடிக்கறதுக்கு இல்ல, நெட் கனெக்ஷன்கள பாத்துக்கற நெட்வொர்க்மேனேஜர்கிட்ட யார் என்ன கேக்கலாம்னு முடிவு பண்றதுக்கு. கடலூர் திருப்பாதிரிப்புலியூர் மாதிரி இடத்துல ஒரு ஜெராக்ஸ் கடைய நெனச்சுக்கோங்க, மழையில ஃபைபர் போயிடுது, வரிசைல ஆன்லைன் அப்ளிகேஷன் போட வந்தவங்க நிக்கறாங்க, வேலை பாக்கற அக்கா போன் ஹாட்ஸ்பாட்ட கனெக்ட் பண்ணப் போனா அட்மின் பாஸ்வேர்ட் கேக்குது, ஓனர் ஊர்ல இல்ல. இதுக்கு சூடோ குடுக்கறது அநியாயம். கனெக்ஷன் எடிட்டர்ல "எல்லா யூசரும் கனெக்ட் பண்ணலாம்"ங்கற டிக்க எடுத்துட்டா அந்த கனெக்ஷன் அவங்க சொந்தமாயிடும், சாதாரணமா பாஸ்வேர்ட் கேக்காது. டெபியன்ல இன்னொரு வழி, அவங்கள நெட்டெவ் குரூப்ல சேத்துடலாம்.

எஸ்எஸ்ஹெச்ல (வேற மெஷின்ல இருந்து லாகின் பண்ணி) வந்து, நெட்வொர்க்மேனேஜரோட டெர்மினல் கமாண்டான என்எம்சிஎல்ஐ அடிச்சு "நாட் ஆத்தரைஸ்டு"ன்னு வந்தா கொழம்பாதீங்க, மெஷின் முன்னாடி உக்காந்திருக்கறவங்களுக்குத்தான் அந்த சலுகை, தூரத்துல இருந்து வர செஷனுக்கு இல்ல. என்எம்சிஎல்ஐ ஜெனரல் பர்மிஷன்ஸ்னு அடிச்சா எதுக்கு அனுமதி இருக்கு, எதுக்கு பாஸ்வேர்ட் கேக்கும்னு வரிசையா காட்டும், அதைப் பாக்காம பால்கிட் ரூல் எழுத உக்காராதீங்க. ரூல் எழுதறதுன்னா ஒரு விஷயம், டெபியன் 11, உபுன்டு 22.04 வரைக்கும் பழைய பிகேஎல்ஏ ஃபைல்தான் ஓடும், டெபியன் 12லயும் உபுன்டு 24.04லயும் ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதின ரூல்ஸ் ஃபைல் வேணும். பழைய வீடியோ பாத்து பிகேஎல்ஏ ஃபைல புது மெஷின்ல போட்டா ஒன்னுமே நடக்காம இருக்கலாம், எரர் கூட வராது.

சொந்த லேப்டாப்புன்னா குரூப் வழி போதும். பல பேர் மாத்தி மாத்தி உக்கார்ற லேப்லயோ, அந்த ஜெராக்ஸ் கடை மெஷின்லயோ வயர்ஷார்க் குரூப்ல எல்லாரையும் போடாதீங்க, அதே மெஷின்ல அடுத்தவங்க பண்ற நெட் வேலைய அது காட்டிடும். கத்துக்கற பசங்களுக்கு ஒரு விர்ச்சுவல் மெஷின் போட்டுக் குடுத்து அதுக்குள்ள அவங்கள குரூப்ல சேத்து விடுங்க.