நோட்டரி முத்திரை குத்திய ஃபேமிலி டிரஸ்டை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்களா? "ஃபேமிலி டிரஸ்ட் போட்டுத் தருகிறேன், உயிலெல்லாம் தேவையே இல்லை" என்று யாராவது வந்து உட்கார்ந்தால் இதைப் படித்துவிட்டு அப்புறம் பேசுங்கள். மதுரையில் ஓர் ஆலோசகர் எங்கள் அப்பாவிடம் இப்படித்தான் ஒன்றேகால் லட்சம் வாங்கினார். ரசீது கிடையாது.

என் தம்பி அறிவுசார் மாற்றுத்திறனாளி. தனக்குப் பிறகு வீட்டு வாடகை அவன் செலவுக்கே போக வேண்டும், யாரும் வீட்டை விற்றுவிடக் கூடாது என்பதுதான் அப்பாவின் கவலை. அதற்கு டிரஸ்ட், அதாவது சொத்தை ஒருவர் (டிரஸ்டி) பொறுப்பில் விட்டு அதன் பலன் இன்னாருக்கு என்று எழுதிவைப்பது, சரியான வழிதான், அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த ஆள் கொடுத்தது நூறு ரூபாய் முத்திரைத்தாளில் தொடங்கிப் பக்கம் பக்கமாக ஓடும் ஒரு பத்திரம், கடைசியில் நோட்டரியின் சிவப்பு முத்திரை, ஸ்பைரல் பைண்டிங், அட்டையில் தங்க எழுத்தில் தாத்தா பெயர். சொத்து விவரப் பக்கத்தில் சர்வே எண், நான்குமால் (நாலு பக்க எல்லை) எல்லாம் பக்காவாக இருந்தன. வீடு டிரஸ்டுக்குப் போய்விட்டது என்று நம்பியே அப்பா இறந்தார்.

போகவில்லை. அசையாச் சொத்தை வைத்து டிரஸ்ட் என்றால் எழுதி, கையெழுத்திட்டு, பதிவு செய்த பத்திரம் வேண்டும், இல்லாவிட்டால் உயில் மூலம் ஏற்படுத்த வேண்டும் என்கிறது 1882ஆம் வருட இந்திய டிரஸ்ட் சட்டத்தின் 5ஆம் பிரிவு. நோட்டரி முத்திரை பதிவு ஆகாது. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் வீடு அப்பா பேரிலேயே நிற்கிறது. உயிலும் இல்லை, எழுத விடாமல் தடுத்ததே அந்த ஆலோசகர்தானே. இப்போது அம்மா, அக்கா, நான், தம்பி நாலு பேருக்கும் சமபங்கு, தம்பிக்குச் சட்டப்படி காப்பாளர் வேண்டி 1999ஆம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்டக் குழுவுக்கு மனு என்று அலைகிறோம்.

அந்த ஆலோசகருக்குப் போன் செய்து கேட்டால், "நாங்கள் டிராஃப்ட் மட்டும்தான் சார், பதிவு உங்கள் பொறுப்பு" என்கிறார். சரி என்று பத்திரத்தை வரிவரியாகப் படித்தோம். நிர்வாக டிரஸ்டி அவரேதான், வருடாவருடம் கட்டணமும் அவருக்கு. பத்திரத்தில் எழுதினாலொழிய டிரஸ்டிக்குச் சம்பளம் கேட்கவே உரிமை இல்லை என்பது அதே சட்டம், அதனால்தான் பத்திரத்திலேயே எழுதிவைத்திருக்கிறார். ஒரு வகையில் பதிவாகாமல் போனதே நல்லது என்கிறாள் அக்கா.

அப்பாவைப் பயமுறுத்திய கதையையும் சொல்ல வேண்டும். செத்தவர் சொத்துக்கு வரி வரப்போகிறதாம். இந்தியாவில் அந்த வரியை (எஸ்டேட் டூட்டி) 1985லேயே எடுத்துவிட்டார்கள். டிரஸ்ட் போட்டால் வருமான வரி மிச்சம் என்றும் சொல்லியிருக்கிறார். யாருக்கு எவ்வளவு என்பதை டிரஸ்டியின் விருப்பத்துக்கு விட்டு எழுதினால் பொதுவாக உச்சபட்ச விகிதத்தில்தான் வரி போடுவார்கள், எங்கள் பத்திரம் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது.

ஏற்கெனவே டிரஸ்ட் போட்டவர்கள் சார்பதிவாளர் அலுவலக ஆவண எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் இலவசமாகவே பார்க்கலாம். சொத்தை எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே பார்த்தால் சரிசெய்ய வழி உண்டு. பாதிப் பணத்தை அப்பா பேங்க் வழியாகக் கொடுத்திருந்ததால் அதை வைத்து நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். அதே ஆள் இப்போது மண்டபம் பிடித்து, டிபன் போட்டு, ரிட்டயரானவர்களுக்கு இலவசக் கூட்டம் நடத்துகிறாராம்.