ஜன்னல் பலகை: ஒட்டுப்போடுவதா, மாற்றுவதா?

லண்டனில் நாங்கள் இருப்பது விக்டோரியா காலத்து வரிசை வீடு. நடுவில் இடைவெளி இல்லாத ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். குளிர் தாங்காமல் உட்பக்கம் காப்புப் பலகை ஒட்டினோம். 50 மி.மீ. நுரை, 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு, பின்னால் பசை என்று சுவர் ஏறக்குறைய 75 மி.மீ. உள்ளே வந்துவிட, ஜன்னலடிப் பலகை குழிக்குள் போனது. மூன்று அங்குலம் கூட்டியாக வேண்டும்.

படுக்கையறையில் ஒட்டுப்போட்டோம். முன்விளிம்பின் உருண்டையை நேராக அறுத்து, அதே கனத்தில் பைன் பட்டை ஒன்றை மர முளைகள் வைத்துப் பசையிட்டு இணைத்தோம். செலவு குறைவு, பழைய மரமும் பிழைக்கிறது. ஆனால் கீழேயே ரேடியேட்டர். குளிர்காலத்தில் மரம் காய்ந்து சுருங்கும். இரு விளிம்பையும் வெளிச்சம் புகாதபடி இழைத்துச் சேர்த்திருந்தால் தாங்கும். இணைப்பின் இடுக்கைப் பட்டி (புட்டி) அடைத்து மறைத்தால் பெயின்டில் கோடு விழும். 1960களுக்கு முந்தைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாளை உலர்வாகத் தேய்க்காதீர்கள், குழந்தைகள் உள்ள வீட்டில் கட்டாயம் வேண்டாம்.

பழைய பலகை மேலேயே மெல்லிய எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) படுக்க வைப்பதும் உண்டு. ஒரு நாள் வேலைதான். எனக்கு ஒப்பவில்லை. கண்ணாடியில் வழியும் நீர் பட்டால் சாதாரண எம்டிஎஃப் ஊதிவிடும்; ஈரம் தாங்கும் ரகம் வாங்கினாலும் அறுத்த விளிம்புக்குப் பூச்சு வேண்டும். அடியில் மரம் உளுத்திருந்தால் அதுவும் மறைந்துபோகும்.

முன்னறையில் முழுதாகப் பெயர்த்து 25 மி.மீ. புதுப் பலகை போட்டோம். பெயர்த்தால் சுவர்ப் பூச்சு உடையுமே என்று எல்லோரும் தயங்குவார்கள். உடையட்டும், எப்படியும் அதன்மேல் போர்டு வரப்போகிறது. பலகையை எடுத்ததும் கீழே வெறும் செங்கல். சுவரெல்லாம் போர்த்திவிட்டு அந்த இடத்தை மட்டும் விட்டால் குளிர் அதன் வழியே ஏறி, மூலையில் பூஞ்சை பிடிக்கும். அங்கே 20 மி.மீ. நுரைத்தகடு வைத்து, அதன்மேல் பலகையை அமர்த்தினோம். ஜன்னலின் பக்கச் சுவர்களுக்கும் மெல்லிய காப்பு ஒட்டியதால், பலகையின் காதுகளை (இரு முனையிலும் சுவர்மேல் நீளும் பகுதிகளை) அதற்குப் பிறகே அளந்து வெட்டினோம்.

சுவர் வேலை இனிமேல்தான் என்றால் பெயர்த்தெடுங்கள். எங்கள் படுக்கையறையில் போர்டு ஒட்டி முடித்த பிறகுதான் ஜன்னல் நினைவுக்கு வந்தது. ஒட்டு உறுதியாகவே நிற்கிறது. ஆனால் பலகைக்கு அடியில் காப்பு இல்லாததால், ஜனவரிக் காலைகளில் சட்டத்தோரம் படியும் ஈரத்தைத் துணியால் துடைக்க வேண்டியிருக்கிறது.